கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் முழிக்கிறார்கள்

கேள்வி: ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். அலகுத் தேர்வில் பாதிப் பேர் எண்பதுக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் முழிக்கிறார்கள். 'ஒளிச்சேர்க்கையை வரையறு' என்றால் மளமளவென்று எழுதும் பிள்ளை, 'மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?' என்றால் 'மண்ணிலிருந்து' என்கிறது. தலைமையாசிரியர் வாராவாரம் தேர்வு வைக்கச் சொல்கிறார். இப்போதே திருத்துவதில் மாலைப்பொழுது முழுக்கப் போகிறது. சோதனை செய்து காட்டினால் அந்த நேரத்துக்குக் குதூகலிக்கிறார்கள், விடைத்தாளில் அதன் தடமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று: ரெக்கார்டு நோட்டில் வகுப்பே ஒரே அளவீட்டை எழுதி வைத்திருக்கிறது. மதிப்பெண் போடலாமா? (ஓர் அறிவியல் ஆசிரியை)

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

'மண்ணிலிருந்து' என்று படித்ததும் சிரித்துவிட்டேன். வகுப்பில் நின்ற காலம் முழுக்க நானும் கேட்ட விடை அது. ஏழாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும், தாவரவியல் படித்த பெரியவர்களும் அசந்த நேரத்தில் அதையேதான் சொல்வார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகள் மக்கும் இல்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் பெரிய ஓட்டையும் இல்லை.

செடி வேரால் சாப்பிடுகிறது, மண்ணைத் தின்று மரமாகிறது என்ற எண்ணம் உங்கள் வகுப்புக்கு வரும் முன்பே பிள்ளையிடம் இருக்கிறது. உரத்தைச் செடிக்குச் சாப்பாடு என்று நாமே சொல்கிறோம். நீங்கள் ஒளிச்சேர்க்கை நடத்தியதும் அந்தப் பழைய எண்ணம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதில்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கிறது. பச்சையம், சூரிய ஒளி, கார்பன் டை ஆக்சைடு என்ற வாக்கியம் இன்னொரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொள்ள வாய்ப்பே வரவில்லை. உங்கள் வினாத்தாள் இரண்டாவதை மட்டும் கேட்டது. பிள்ளை அதைக் கொடுத்து எண்பது வாங்கிக்கொண்டது.

அதனால் எங்கிருந்து தொடங்குவது என்றால், வினாத்தாளிலிருந்து என்றுதான் சொல்வேன். பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதிய கற்பித்தல் முறை, காணொலி, குழுச் செயல்பாடு என்று எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கடைசியில் பழைய தாளையே நீட்டுகிறார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இங்கே எது செல்லுபடியாகும் என்பதை இரண்டே தேர்வில் கண்டுபிடித்துவிடுவார்கள். 'வரையறு' என்று வரும் என்றால் வரையறையைத்தான் உருப்போடுவார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் நம் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, கேள்வியை எப்படி மாற்றுவது? உங்கள் மரத்தையே எடுத்துக்கொள்வோம். 'சில கிராம் எடையுள்ள விதை பல நூறு கிலோ மரமாகிறது. ஈரத்தை முழுக்க நீக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சமுள்ள எடையில் பெரும்பகுதி எதிலிருந்து வந்தது? (அ) மண் (ஆ) தண்ணீர் (இ) காற்று (ஈ) சூரிய ஒளி.' சாதாரணக் கொள்குறி வினாதான். ஆனால் நான்கில் எதுவும் சும்மா இடம் நிரப்ப வந்ததில்லை. 'அ' போட்ட பிள்ளை செடி மண்ணைச் சாப்பிடுகிறது என்று நினைக்கிறது. 'ஈ' போட்ட பிள்ளை ஒளி என்கிற ஆற்றலைப் பொருளாக எண்ணிக்கொண்டிருக்கிறது. 'ஆ' போட்ட பிள்ளை விடைக்குக் கொஞ்சம் அருகில் வந்து நிற்கிறது. ஏனென்றால் ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. ஆனால் காய்ந்த மரத்தில் கிட்டத்தட்டப் பாதி எடை கார்பன், அது காற்றிலிருந்து வந்தது. மண்ணின் பங்கு எவ்வளவு என்று காட்ட ஒரு மரத்துண்டை எரித்தால் போதும். கடைசியில் மிஞ்சும் அந்தக் கொஞ்சம் சாம்பல்தான் மண் கொடுத்த தாதுக்கள். ஒரு பிள்ளை எந்த எழுத்தைப் போட்டது என்று பார்த்தாலே அடுத்த வகுப்பில் அதற்கு என்ன பேச வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வழக்கமான கொள்குறி வினாவில் மூன்று தப்பான விடைகளும் வேண்டாவெறுப்பாகப் போட்டவை, யார் எதைப் போட்டாலும் நமக்கு ஒன்றும் தெரியாது.

இந்தப் பாடத்துக்குப் பதினேழாம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் கதையைச் சொல்லாமல் விடாதீர்கள். 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு சொச்சம் ஆகியிருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது அறுபது கிராம் போல. இது அச்சில் வந்தது 1648-இல், அவர் இறந்த பிறகு. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். இதில் வேடிக்கை, 'வாயு' என்பதற்கு உலகம் இன்று சொல்லும் 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான். கரி எரியும்போது ஒரு வாயு வெளியேறுகிறது என்றும் எழுதி வைத்திருந்தார். மரத்துக்குள் போனதும் அதே வாயுதான் என்று மட்டும் தோன்றவில்லை.

இந்தக் கதையையே தேர்வில் கேட்கலாம். அளவீடுகளைக் கொடுத்துவிட்டு, 'இது எந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது? எல்லாம் தண்ணீரே என்று சொல்ல இது போதுமா?' என்று கேளுங்கள். ஒருமுறை இதற்கு ஒரு பையன் 'போதாது, அவர் காத்த எடை போடல' என்று ஒரே வரி எழுதியிருந்தான். பேச்சுத் தமிழ், கையெழுத்தும் கோழி கிளறியதுபோல. மூன்றுக்கு மூன்று போட்டேன். பக்கத்துப் பெண் ஒளிச்சேர்க்கையின் வரையறை, சமன்பாடு, இலையின் படம் எல்லாம் வரைந்து ஒரு பக்கம் நிரப்பியிருந்தாள். பூஜ்யம். முதல் தடவை அந்தப் பூஜ்யத்தைப் போடக் கை வராது. அதனால்தான் இந்த மாதிரிக் கேள்விக்கு விடைக்குறிப்பை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறேன்: எதற்கு மதிப்பெண், எவ்வளவு அழகாக எழுதினாலும் எதற்கு இல்லை, இரண்டையும் எழுதுங்கள். திருத்த உட்கார்ந்த பிறகு யோசித்தால் இரக்கம் குறுக்கே வந்துவிடும்.

ஒரே தாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போடாதீர்கள், பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். 50 மதிப்பெண் தாளென்றால் முதலில் 10 மதிப்பெண்ணுக்கு மட்டும் இப்படிக் கேளுங்கள். அதையும் முன்பே சொல்லிவிட்டு, வகுப்பில் இரண்டு மாதிரிக் கேள்விகளைப் போட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள். சொல்லாமல் வைத்தால் பிள்ளைகளுக்கு அது சதியாகத்தான் தெரியும். ஒரு பருவம் போகட்டும், அப்புறம் கூட்டலாம். வரையறையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கலைச்சொல் தெரியாத பிள்ளை அடுத்த வகுப்பில் திண்டாடும்.

அந்தத் தப்பான விடைகளை எங்கே பிடிப்பது என்று கேட்பீர்கள். உட்கார்ந்து யோசித்தால் வராது, பிள்ளைகளிடமிருந்துதான் வாங்க வேண்டும். பீரியட் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, ஒரே ஒரு கேள்வி. 'பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் பல்பைத் தாண்டிய பிறகு கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? ஏன்?' என்பதுபோல. சீட்டில் பெயர் இருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம். ஓய்வறையில் உட்கார்ந்து மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: பிடித்துவிட்டவர்கள், பாதி வழியில் நிற்பவர்கள், வேறெங்கோ போனவர்கள். நாற்பது சீட்டுக்குப் பத்து நிமிடம் போதும். சிவப்பு மையைத் திறக்கவே வேண்டாம். மறுநாள் வகுப்பைத் தொடங்கும்போது, யாருடையது என்று சொல்லாமல் இரண்டு தப்பான விடைகளைக் கரும்பலகையில் எழுதி 'இப்படி நினைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது, எங்கே இடிக்கிறது?' என்று கேளுங்கள். பல்பு மின்னோட்டத்தைத் 'தின்றுவிடுகிறது' என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அம்மீட்டரைப் பல்புக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை வைத்துக் காட்டுங்கள். அந்தச் சீட்டை எழுதியவர்கள் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த ஆண்டு கொள்குறி வினாக்களுக்கு அ, ஆ, இ, ஈ எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

உங்கள் தலைமையாசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. அடிக்கடி நினைவிலிருந்து எடுத்து எழுதுவது மனதில் நிற்கத்தான் செய்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆக, வாராவாரம் தேர்வு வைக்கலாம். மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் தேவையில்லாத வேலை. முந்தின வாரத்திலிருந்து இரண்டு கேள்வி, போன மாதத்திலிருந்து ஒன்று, பிள்ளைகளே திருத்திக்கொள்ளட்டும். தலைமையாசிரியருக்குத் தேர்வும் ஆயிற்று, உங்களுக்கு மாலையும் மிஞ்சும்.

நோட்டில் மதிப்பெண்ணும் போட்டுக் குறிப்பும் எழுதுகிறீர்கள் என்றால் அதில் ஒன்றை விடுங்கள். ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் 1988-இல் இதைச் சோதித்தார். ஒரு கூட்டத்துக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும். முன்னேறியது குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள். இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கிறார்கள்? நாமே படிக்க மாட்டோம். குறிப்பும் 'நன்று', 'இன்னும் முயற்சி தேவை' என்றிருந்தால் பிரயோசனமில்லை. 'உன் படத்தில் பேட்டரியின் ஒரு முனைதான் இணைந்திருக்கிறது, பல்பு எரியுமா?' என்று கேள்வியாக எழுதுங்கள். எல்லா நோட்டுக்கும் முடியாது, வாரம் பத்து நோட்டு போதும்.

சோதனைக்குப் பிறகு குதூகலம்தான் மிஞ்சுகிறது என்றீர்கள். இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு, சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, டம்ளரைக் கவிழ்ப்போமே, அந்தச் சோதனை. சுடர் அணையும், தண்ணீர் மேலே ஏறும். 'பார்த்தீர்களா, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது' என்று பல வருடம் நான் அடித்துச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, 'சார், கவுக்கும்போதே ஓரத்துல குமிழி வந்துச்சே, அது என்ன?' என்றாள். 'பாடத்தைக் கவனி' என்று உட்காரவைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் மூன்று மெழுகுவர்த்தி வைத்தேன். ஆக்சிஜன்தான் காரணம் என்றால், ஒன்று வைத்தாலும் மூன்று வைத்தாலும் தண்ணீர் அதே உயரம்தானே ஏற வேண்டும்? மூன்று வைத்தபோது கூடுதலாக ஏறியது. சுடரின் சூட்டில் விரிந்த காற்று குமிழியாக வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்து உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஏற்றத்தில் பெரும்பகுதி இதுதான். ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதற்கு வெகுமுன்பே சுடர் அணைந்துவிடும், எரிந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் வந்து சேர்கிறது. அந்தப் பெண்ணிடம் வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த வாரத்திலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. சோதனைக்கு முன் எல்லோரும் 'என்ன நடக்கும், ஏன்' என்று பேனாவால் நோட்டில் எழுதிவிட வேண்டும். அழிக்கக் கூடாது. ஊகம் தப்பானால் மதிப்பெண் போகாது. அப்புறம் செய்து பார்ப்போம். எழுதியதும் நடந்ததும் எங்கே வேறுபட்டன என்று அடுத்த பத்தியில் எழுத வேண்டும். எழுதி வைத்துவிட்ட பிள்ளை வேடிக்கை பார்க்காது, தன் பக்கம் ஜெயிக்கிறதா என்று பார்க்கும். தேர்வில் இதே சோதனையைக் கேட்கும்போது ஒரு அடி தள்ளிக் கேளுங்கள்: 'சுடர் எரியும்போது தண்ணீர் மெதுவாகவும், அணைந்த உடனே வேகமாகவும் ஏறுகிறது. இது எந்த விளக்கத்துக்குச் சாதகம்?' உங்கள் செய்முறையின் தடம் அப்போது விடைத்தாளில் தெரியும்.

வாய்மொழிக் கேள்வியிலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு வைத்து அளந்தார். சராசரி ஒரு வினாடி. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் நாள் அந்த மௌனம் யுகம்போல இருக்கும்.

இன்னொரு இடறல் நம் மொழியிலேயே இருக்கிறது. அறிவியல் கலைச்சொற்கள் பலவும் வீட்டில் வேறு பொருளில் புழங்குபவை. கனமான பையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பவர் அந்தப் பையின் மீது 'வேலை' எதுவும் செய்யவில்லை என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே கோபப்படும். எடை, நிறை, விசை, ஆற்றல், சூடு எல்லாம் இதே கதைதான். அதனால் தப்பான விடை வந்தால், கருத்து தப்பா, சொல்தான் தப்பா என்று முதலில் பாருங்கள். எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் படமும் அம்புக்குறியும் போட்டு விளக்க இடம் கொடுங்கள். இரும்புத் தகடும் மரப்பலகையும் ஒரே அறையில் கிடக்கின்றன, தொட்டால் இரும்பு ஜில்லென்கிறது, இரண்டின் மேலும் ஒரே அளவு பனிக்கட்டி வைத்தால் எது முதலில் உருகும் என்று கேட்டால், பெரும்பாலானோர் மரத்தின் மேல் இருப்பது என்பார்கள். முதலில் உருகுவது இரும்பின் மேல் இருப்பது. இரும்பு 'குளிர்ச்சியான பொருள்' இல்லை, வெப்பத்தை வேகமாகக் கடத்தும் பொருள். அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே போதும், வாக்கியம் கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

கடைசியாக ரெக்கார்டு நோட்டு. ஒரே அளவீட்டை எழுதிய வகுப்புக்கு அந்த அளவீட்டுக்காக மதிப்பெண் போடாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். 'சரியான' எண்ணுக்குத்தான் மதிப்பெண் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். அடுத்த முறை ஊசல் எடுங்கள். 25 சென்டிமீட்டர் நூலில் பத்து அலைவுக்குச் சுமார் 10 வினாடி ஆகும். எட்டுக் குழு அளந்தால் எட்டு எண் வர வேண்டும். மதிப்பெண்ணை வேறு மூன்று கேள்விகளுக்கு வைத்துவிடுங்கள்: ஒரு அலைவை அளக்காமல் ஏன் பத்தை அளந்தாய்? பக்கத்துக் குழுவின் எண் ஏன் வேறாக வந்தது? குண்டின் எடையை மாற்றினால் நேரம் மாறுமா என்று பார்க்க வேண்டுமானால் எதையெல்லாம் மாற்றாமல் வைப்பாய்? எட்டு எண்ணையும் கரும்பலகையில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு ஊசலைக் கட்டி அளந்து ஒன்பதாவதாக எழுதுங்கள். அது 10.3 என்று வந்தாலும் அப்படியே எழுதுங்கள்.